பாலசந்தர் போட்ட வீட்டுக் கணக்கு

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு சினிமாவைப் பற்றிப் பேசுங்கள், சமூகத்தைச் சீண்டிப் பார்த்த ஒரு இயக்குநரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள். சட்டென்று வாயில் வந்த பெயர் ஜப்பானின் நகிசா ஒஷிமா. அவர்களும் சரி என்றார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: இதே மயிலாப்பூரில், வாரன் ரோட்டில் குடியிருந்த ஒருவரை விட்டுவிட்டுக் கியோட்டோவரை போவானேன்? ஆகவே இன்று கே. பாலசந்தரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒஷிமாவையும் ஒரேயடியாக விடப்போவதில்லை. பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்கிறேன்.

இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது. பாலசந்தர் பிறந்தது 1930 ஜூலை 9, நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில். ஒஷிமா 1932. ஒஷிமா 2013 ஜனவரியில் போனார். பாலசந்தர் 2014 டிசம்பர் 23 அன்று. இருவரும் தங்கள் நாட்டு நடுத்தர வர்க்கத்தின் மனசாட்சியைக் கிள்ளிக்கொண்டே இருந்தவர்கள். ஆனால் கிள்ளிய விதம் வேறு.

ஒஷிமா மாணவர் போராட்டத்திலிருந்து வந்தவர். 1954இல் ஷோச்சிக்கு ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். 1960இல் இடதுசாரி மாணவர் இயக்கத்தின் உட்பூசல்களை வைத்து ‘ஜப்பானில் இரவும் மூடுபனியும்’ என்ற படத்தை எடுத்தார். படம் வெளியான சில நாள்களில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமாவை மேடையிலேயே ஒருவன் குத்திக் கொன்றுவிட, ஸ்டுடியோ படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டது. ஒஷிமா ஸ்டுடியோவை உதறிவிட்டு வெளியே வந்தார். 1976இல் அவர் எடுத்த ‘புலன்களின் பேரரசு’ படத்தை ஜப்பானில் கழுவிப் பிரதியெடுக்கவே சட்டம் இடம் தராது என்பதால், எடுத்த பிலிமைக் கழுவாமல் பிரான்சுக்கு அனுப்பினார். அந்தப் படத்தின் திரைக்கதையையும் புகைப்படங்களையும் புத்தகமாகப் போட்டதற்காக ஆபாச வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் நின்று வாதாடி 1982இல் விடுதலையானார்.

நம்மவர் எந்த ஸ்டுடியோவையும் உதறவில்லை. பிலிமை எந்த வெளிநாட்டுக்கும் அனுப்பவில்லை. இந்தியாவில் படத்துக்கு முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 1970இல், கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கு மூன்றாம் ஆண்டு பாலசந்தர் ‘அரங்கேற்றம்’ எடுத்தார். சென்சாருக்குப் போய், விநியோகஸ்தருக்குப் போட்டுக்காட்டி, மேட்னி ஷோவுக்கு அக்கம்பக்கத்து மாமிகளோடு சேர்ந்து வரும் பெண்களுக்கு முன்னால் அதை ஓட்டினார். எதிர்ப்பு வரத்தான் செய்தது. படம் ஓடவும் செய்தது.

பாலசந்தர் என்றாலே, உறவுகளைத் தாறுமாறாக முடிச்சுப் போட்டவர் என்றுதான் பேச்சு. மகன் வயதுக்காரனைக் காதலிக்கும் பாடகி, தன்மேல் ஆசைப்பட்டவனின் அப்பாவையே கட்டிக்கொள்ளும் பெண், மனைவியும் ஆசைநாயகியும் ஒரே பாட்டுக்காரர் வாழ்க்கையில். போஸ்டரில் விற்பதற்கு இதெல்லாம் வசதி. என் கட்சி வேறு. பாலசந்தர் செய்த உண்மையான சீண்டல் படுக்கையறையில் இல்லை; மாதம் முதல் தேதி வீட்டுக்கு வரும் சம்பளக் கவரில் இருக்கிறது. சம்பாதிப்பவர் யார், சாப்பிடுபவர் யார், சம்பாதிப்பவரின் வாழ்க்கையை மற்றவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ரொம்பத் தொலைவு போகவேண்டாம். தேனாம்பேட்டைவரை போனால் போதும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1949இல் பட்டம் வாங்கினார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். அடுத்து மெட்ராஸ், கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நாமெல்லாம் ‘ஏ.ஜி.எஸ். ஆபீஸ்’ என்று சொல்லும் அதே அலுவலகம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் குடித்தனங்களில் பாதிக்கு அங்கிருந்தோ, ரயில்வேயிலிருந்தோ, தபால் தந்தியிலிருந்தோதான் அடுப்பெரிந்தது. பையனுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் வரவு செலவைச் சரிபார்த்த ஆள் பாலசந்தர். எந்த வீட்டில் பி.எஃப். லோன் எதற்காகப் போடுகிறார்கள், பண்டிகை அட்வான்ஸ் எந்தத் தேதியில் கரைகிறது, அக்காவின் சம்பளத்தில் எந்தத் தம்பி காலேஜ் போகிறான் என்பதெல்லாம் பக்கத்து மேஜையிலேயே தெரிந்துவிடும்.

நாடகமும் அந்த அலுவலகத்தில்தான் சூடு பிடித்தது. ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தை முதலில் அவர் ஆங்கிலத்தில் எழுதியதாகச் சொல்வார்கள். அன்றைக்கு இருந்த தலைமை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பிறகு அது தமிழில் வந்தது. அதில் நடித்த சுந்தர்ராஜனுக்கு ‘மேஜர்’ என்ற பட்டம் கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற அவருடைய குழுவில் சாயங்காலம் ஆபீஸ் முடித்து, டிபன் டப்பாவோடு ஒத்திகைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். நாகேஷே ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர்தான். பார்க்க வந்தவர்களும் அப்படித்தான்: ஆர்.ஆர். சபாவிலும் வாணி மகாலிலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதச் சம்பளக்காரர்கள். தன்னைப் போன்றவர்கள் நடிக்க, தன்னைப் போன்றவர்கள் பார்க்க, தன்னைப் போன்றவர்களின் கதையை எழுதிப் பழகினார் பாலசந்தர்.

1964இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அதே ஆண்டு ‘சர்வர் சுந்தரம்’ ஏவி.எம். படமாக வந்தது. 1965இல் ‘நீர்க்குமிழி’யோடு இயக்குநரானார். கதை முழுக்க ஆஸ்பத்திரிக்குள், கதாநாயகன் நாகேஷ். அறுபதுகளின் மற்றப் படங்களை விரைவாகத் தாண்டிப் போகிறேன். ஆனால் இந்தக் கணக்கு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ‘எதிர்நீச்சல்’ நாயகன் மாது, ஒண்டுக்குடித்தன வீட்டில் ஊருக்கெல்லாம் எடுபிடி வேலை செய்து, மீந்ததைச் சாப்பிட்டுப் படிக்கிற அநாதை. ‘இரு கோடுகள்’ படத்தில் ஒரு குமாஸ்தாவின் முதல் மனைவி அவனுக்கு மேலதிகாரியாக, கலெக்டராக வந்து உட்காருகிறாள். ‘பாமா விஜயம்’ பெரிய சிரிப்புப் படம். ஆனால் அதன் முதுகெலும்பு மூன்று மருமகள்களும் ஒரு நடிகைக்கு முன்னால் கௌரவம் காட்டத் தவணையில் சாமான் வாங்கிக் குவிப்பதுதான். வரவையும் செலவையும் வைத்து கண்ணதாசன் எழுதிய பாட்டு அதில் வருகிறது. இன்றும் பட்ஜெட் நாளில் பத்திரிகைகள் அதை நினைவுகூராமல் விடுவதில்லை.

இனி ‘அரங்கேற்றம்’. 1973 பிப்ரவரி. வைதிகக் குடும்பத்தின் மூத்த மகள் லலிதா, நடித்தவர் பிரமீளா. அப்பா ராமு சாஸ்திரிகளாக எஸ்.வி. சுப்பையா, அம்மாவாக எம்.என். ராஜம். வீடு நிறையப் பிள்ளைகள், தட்டு நிறையச் சோறு இல்லை. தம்பியை டாக்டராக்கச் சிபாரிசு கேட்டுப்போன இடத்தில் அவளுடைய உடம்பு விலையாகிறது. பிறகு அதுவே தொழிலாகி, ஹைதராபாத்திலிருந்து மாதாமாதம் மணியார்டர் வருகிறது. பிராமணக் குடும்பத்துப் பெண்ணை இப்படிக் காட்டலாமா என்று பிராமண அமைப்புகள் கொதித்தன. அந்தக் கொதிப்பில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போனது. படத்தில் அந்த வீட்டார் யாரும் கெட்டவர்கள் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். தம்பிக்குப் பீஸ் கட்டியாகிறது, தங்கைக்குக் கல்யாணம் நடக்கிறது. ஒரு நாள் அந்தத் தம்பியே வாடிக்கையாளனாக அவள் இருக்கும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தியாகு என்ற அந்தத் தம்பி பத்தொன்பது வயதுகூட முடியாத கமல்ஹாசன். அவன் வாங்கவந்த சரக்கும் அவன் படித்த படிப்புக்குக் கொடுத்த விலையும் ஒரே ஆள் என்பதை ஒரு வரி வசனமும் தேவைப்படாமல் அந்த இடத்தில் சொல்லிவிடலாம். பாலசந்தர் வசனத்தையும் வைத்தார் என்பது வேறு. உண்மை தெரிந்ததும் வீடு அவளைத் தள்ளிவைக்கிறது. அவளுடைய பணம் கட்டிய வீடு. கடைசியில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது.

ஒஷிமா 1969இல் ‘பையன்’ என்று ஒரு படம் எடுத்தார், நடந்த சம்பவம் ஒன்றை வைத்து. ஓடுகிற கார்களின் மேல் வேண்டுமென்றே விழுந்து, அடிபட்டதாகச் சொல்லி, ஓட்டுநரிடம் பணம் பறித்து ஊர் ஊராகப் போகும் குடும்பம். விழுகிறவன் பத்து வயதுச் சிறுவன். பணத்தை எண்ணுகிறவர் அப்பா. ஒஷிமாவின் முதல் படமும், விற்ற புறா திரும்பி வீட்டுக்கே வந்துவிடும் என்று தெரிந்து அதையே மறுபடி மறுபடி விற்கும் ஏழைப் பையன் கதை. கலகக்காரர் ஒஷிமாவும் சதையைவிட்டுச் சோற்றுக்கு வரும்போதுதான் எனக்கு மிகவும் நெருக்கமாகிறார். அந்த ஜப்பான் பையனும் நம் லலிதாவும் ஒரே குடும்பக் கம்பெனியின் முதலீடுகள்.

‘அரங்கேற்றம்’ படத்தில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டைப் பிரசாரம் செய்கிற படமாகவும் அது இருந்தது. சிவப்பு முக்கோணம் சுவரெங்கும் வரையப்பட்டிருந்த காலம். அளவோடு பெற்றிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்று சொல்லும் ஒரு படத்தை அரசாங்கம் எப்படி வெறுக்கும்? சர்க்கார் குடைக்குள் நின்றுகொண்டு சாஸ்திரிகள் வீட்டுக்குள் கல்லெறிந்தார். பத்து வருடத்துக்கு மேல் கோப்பு நகர்வதைப் பார்த்தவருக்கு மட்டுமே வரக்கூடிய யுக்தி என்று இதை நான் ரசிக்கிறேன். படத்துக்கு அது ஒரு குறையும்கூட. பிள்ளைகள் குறைந்திருந்தால் மட்டும் அந்த வீட்டில் லலிதாவுக்கு நீதி கிடைத்திருக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில்போல மறு ஆண்டே ‘அவள் ஒரு தொடர்கதை’ வந்தது. என் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த படம். உடம்பு விற்பனை இல்லை, மானம் போகும் பேச்சு இல்லை. கவிதா ஒழுங்காக ஆபீஸ் போய், ஒழுங்காகச் சம்பளம் கொண்டுவருகிறாள். வீட்டில் குடிகார அண்ணன், அவன் மனைவி மக்கள், விதவைத் தங்கை, இன்னொரு தங்கை, கண் தெரியாத தம்பி, அம்மா. சுஜாதா அந்த வேடத்தில் முகத்தைக் கடுகடுவென்றே வைத்திருக்கிறார். தமிழ் சினிமாவில் தியாகம் செய்யும் பெண் அதுவரை கண்ணீரோடு செய்தாள். கவிதா எரிச்சலோடு செய்கிறாள். தான் கொடுக்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்கிறாள், அதட்டுகிறாள், அண்ணனை ஏசுகிறாள். வீட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் திமிர் என்கிறார்கள். சம்பாதிக்கும் அப்பா அதட்டினால் கண்டிப்பு, சம்பாதிக்கும் பெண் அதட்டினால் திமிர். இதைச் சட்டமாகவே வைத்திருந்த வீடுகளுக்கு முன்னால் பாலசந்தர் அந்தப் படத்தை ஓட்டினார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டைப்பிஸ்ட்டாகவும் டெலிபோன் ஆபரேட்டராகவும் டீச்சராகவும் வேலைக்குப் போன பெண்கள் இந்த மாட வீதிகளில் எத்தனை பேர், கல்யாணமே ஆகாமல் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். அவர்கள் போட்டோ கூடத்தில் மாட்டியிருக்காது.

கவிதாவுக்கும் கல்யாணம் கூடிவருகிறது. அண்ணன் திருந்திப் பொறுப்பெடுத்துக்கொள்கிறான். கல்யாண நாளன்று அவன் கொலையாகிறான். அவள் தங்கையை மணையில் உட்காரவைத்துவிட்டு, மறுபடி ஆபீசுக்குக் கிளம்புகிறாள். இந்த முடிவை எதிர்த்துப் பல வருடங்களாக விமர்சகர்கள் எழுதிவருகிறார்கள்: பெண்ணைத் தியாகச் சிலையாக்கிவிட்டார் என்று. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் மட்டும் முடிவு எனக்கு உறுத்துவதில்லை. அவளுக்கு விடுதலை கிடைத்ததாகக் காட்டியிருந்தால்தான் பொய்.

‘அபூர்வ ராகங்கள்’ பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1975 ஆகஸ்டு, தேசிய விருது, கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு ரஜினிகாந்த் தமிழ் சினிமாவுக்குள் நுழைந்தது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அப்பா இன்னொரு வீட்டு மகளையும், அவர் மகன் அந்த மகளின் அம்மாவையும் மணந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன முறை என்ற வேதாளக் கதையின் கடைசிப் புதிரை எடுத்துக்கொண்டு படம் பண்ணினார். புதிர் கெட்டிக்காரத்தனமானது, ஸ்ரீவித்யா அற்புதம். ஆனால் அந்த இரண்டு வீடுகளிலும் மாதக் கடைசி என்று ஒன்று வருவதே இல்லை. அதனால்தான், ஊரையே அதிரவைத்த படம் என்று பெயர் வாங்கியும், ‘அவள் ஒரு தொடர்கதை’ போல அது நெஞ்சில் நிற்பதில்லை என்பது என் அபிப்பிராயம். இங்கே பலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பாதகமில்லை.

1977இல் வந்த ‘அவர்கள்’ படத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கிய அனு, மறுபடியும் சுஜாதா. மனத்தில் இருப்பதைச் சொல்லத் துணிவில்லாத ஜனார்த்தன், அதாவது கமல், கையில் ஜூனியர் என்ற பொம்மையை வைத்துக்கொண்டு பொம்மையின் வாயால் பேசுகிறான். குறியீடுகளை அள்ளித் தெளிப்பதில் பாலசந்தருக்கு அளவே கிடையாது. ஊஞ்சல் ஆடும், அலை அடிக்கும், தீபம் அணையும். பல இடங்களில் அது அலுப்புத் தட்டும். இந்தப் பொம்மை ஒன்று மட்டும் அப்படியல்ல. சபா நாடகத்தில் நகைச்சுவைக்கு வைத்திருக்கவேண்டிய சாமானை எடுத்து, நடுத்தர வர்க்கத்து ஆண்பிள்ளையின் கோழைத்தனத்துக்கு உருவம் கொடுத்தார். அதைவிடப் பெரிய காரியம், மாமியார். மகன் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மருமகள் வீட்டில் வேலைக்காரியாக வந்து சேர்கிற அந்த அம்மாள், கடைசியில் அனு எல்லா ஆண்களையும் விட்டு ரயிலேறும்போது கூடவே போய்விடுகிறார். தமிழ்க் குடும்பக் கதைகளில் மாமியாரையும் மருமகளையும் ஒரே பெட்டியில் ஏற்றி அனுப்பியதைவிடப் பெரிய கலகம் எது?

இனி அந்தக் குற்றச்சாட்டு. லலிதாவுக்குப் புத்தி பேதலிக்கிறது. கவிதா மீண்டும் நுகத்துக்குப் போகிறாள். ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்புகிறார்கள். ‘மரோ சரித்ரா’வில் மொழி கடந்து காதலித்த இருவரும் செத்துப்போகிறார்கள், 1981இல் அதையே ‘ஏக் தூஜே கே லியே’ என்று இந்தியில் எடுத்தபோதும் சாவுதான். எல்லை தாண்டியவர்கள் ஒன்று சாகவேண்டும், அல்லது திரும்ப வேண்டும். பயமா? வியாபாரமா? இரண்டும் இருந்திருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. பத்து வருடத்துக்கு மேல் கணக்காயர் அலுவலகத்தில் இருந்தவருக்குக் கணக்கு நேராகாமல் பேரேட்டை மூட மனம் வராது. வித்தியாசம் எங்கே என்று தெரியாதபோது அதைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க ‘சஸ்பென்ஸ் கணக்கு’ என்று ஒன்று உண்டு, ஏ.ஜி.எஸ். ஆபீஸ்காரர்கள் இங்கே சிலர் சிரிப்பது தெரிகிறது. ஒஷிமா தன் படங்களைத் துணிந்து சஸ்பென்ஸில் விட்டுவிட்டுப் போனார். பாலசந்தரால் முடியவில்லை. எங்காவது ஒரு பெண்ணின் தலையில் பற்று எழுதி, நேர்செய்து, கையெழுத்துப் போட்டுவிடுவார்.

1980இல் ‘வறுமையின் நிறம் சிவப்பு’. டெல்லியில் வேலை தேடும் பட்டதாரிகள் காலித் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல் பாவனை செய்யும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறு வருடம் கோமல் சுவாமிநாதன் நாடகத்திலிருந்து ‘தண்ணீர் தண்ணீர்’. இந்த முறை அவர் நகரத்தைவிட்டு அத்திப்பட்டி என்ற வறண்ட கரிசல் கிராமத்துக்குப் போனார். வீட்டுக் கணக்கு ஊர்க் கணக்காகிறது. தாங்களே கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவரப் புறப்படும் மக்களை விதிமுறையைக் காட்டி அதிகாரிகள் நிறுத்துகிறார்கள். இங்கே நேர்செய்தல் கிடையாது; கால்வாய்த் தண்ணீர் ஊருக்குக் கடைசிவரை வருவதில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது கிடைத்தது. கோப்புகள் ஏன் நகர்வதில்லை என்று உள்ளேயிருந்து பார்த்தவர் எடுத்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

இந்த மண்டபத்தில் ‘சிந்து பைரவி’யைப் பேசாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். 1985 தீபாவளிக்கு வந்தது. ஜே.கே.பி. என்ற வித்வானாகச் சிவகுமார். கச்சேரி நடக்கிறது, தெலுங்குக் கீர்த்தனம் பாடுகிறார். சபையிலிருந்து சிந்து, அதாவது சுகாசினி, எழுந்து, தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். நீயே பாடு என்கிறார் வித்வான். பாடுகிறாள், நாட்டுப்புற மெட்டில் தொடங்கி, ஸ்வரத்துக்குள் போய், தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் கொண்டுசேர்க்கிறாள். காம்போஜியில் பாடிப் பழகிய கீர்த்தனத்தை இளையராஜா சாரமதியில் வைத்தார். அன்றைக்கு டிசம்பர் சீசனில் காண்டீன் மேஜைகளில் இதைத் தவிர வேறு பேச்சில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எண்பத்தைந்தில் பிறந்ததல்ல. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியது 1943இல். அவர் நிறுவிய பல்கலைக்கழகத்தில், அந்தத் தமிழிசைச் சர்ச்சையின் சூடு ஆறாத நாற்பதுகளின் கடைசியில், விலங்கியல் படித்த மாணவர் பாலசந்தர். கிட்டத்தட்ட நாற்பது வருடம் உள்ளே வைத்திருந்துவிட்டு, அந்தச் சர்ச்சையைச் சபாவின் நட்டநடுவில், ஒரு பெண்ணின் குரலில் எழுப்பினார். மேடையில் இருப்பவரைக் கீழே உட்கார்ந்திருக்கும் பெண் கேள்வி கேட்பது இன்றைக்கும் நம் சபாக்களில் நடக்கிற காரியமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே படத்தின் முடிவில், சிந்து வித்வானுக்குத் தான் பெற்ற குழந்தையை அவர் மனைவி பைரவிக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகிறாள். குடியில் விழுந்து மீண்ட வித்வானுக்கு மேடை திரும்பக் கிடைக்கிறது, மனைவிக்குக் குழந்தை கிடைக்கிறது, ரசிகர்களுக்குக் கச்சேரி கிடைக்கிறது. சிந்துவுக்கு? பேரேடு மூடியாயிற்று. கேள்வி கேட்டவளையே செலவாக எழுதிய அந்தக் கடைசி ரீலை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் சின்னத்திரைக்குப் போனார். ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’. இறங்கிவிட்டார் என்றார்கள் சிலர். வேடிக்கையான ஒற்றுமை, ஒஷிமாவும் தொலைக்காட்சிக்குப் போனவர். குடும்பப் பெண்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்லி யோசனை கேட்கும் நிகழ்ச்சியை அவர் நடத்தினார். இருவரும் தங்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எந்த அறையில் உட்கார்ந்திருந்தார்களோ, அந்த அறைக்கே போய்ச் சேர்ந்தார்கள். பத்மஸ்ரீ 1987இல், 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது. அவர் அறிமுகப்படுத்திய, வளர்த்துவிட்ட நட்சத்திரங்களின் பட்டியலை வாசித்து நேரத்தைக் கடத்தப்போவதில்லை. 2019 நவம்பரில் கமல்ஹாசனின் ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள், ரஜினியும் வந்திருந்தார். சிலை இருக்கட்டும்.

எனக்கு வேறு ஒன்று வேண்டும். படங்கள் டிஸ்க்கிலும் செல்போனிலும் கிடைக்கின்றன. ஆனால் சினிமாவுக்கு முந்தைய பாலசந்தர், ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை நடத்திய பாலசந்தர், சபா நோட்டீசிலும் ஆண்டு மலர்களிலும் அலுவலக மனமகிழ் மன்றத்து குரூப் போட்டோக்களிலும்தான் இருக்கிறார். அவையெல்லாம் இந்தப் பகுதி வீடுகளின் பரண்களில்தான் கிடக்கும். ஒவ்வொரு பழைய வீடாக இடித்து பிளாட் கட்டும்போது முதலில் காயலான் கடைக்குப் போவது பரண்தான். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அந்த நாடகங்களில் நடித்திருந்தால், டிக்கெட் கிழித்திருந்தால், ஹார்மோனியம் வாசித்திருந்தால், அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அடையாறிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அங்கே கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கிய அத்தைகளின் வரவு செலவு நோட்டு ஏதாவது அகப்பட்டால், அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.